ஜப்பான்காரி கதைச்ச கசற்

கசற்றிலை கதைச்சு அனுப்பின காலம் உங்களுக்கு நினைவிருக்கோ? எங்கடை வயசுக்காரர் மறந்திருக்க மாட்டியள். சவூதிக்குப் போன மனுசனுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு மாசம். அதிலையும் மனுசிக்கு எழுத அலுப்பு, பஞ்சி. அதாலை ஒரு வெறுங் கசற்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமத்திப்போட்டு, வீட்டிலை உள்ள எல்லாரும் முறைக்கு முறை கதைப்பினம். பிள்ளையள் தேவாரம் பாடோணும். ஆடு குட்டி போட்டதைச் சொல்லோணும். மாமியார் இருமுறதும் அதுக்குள்ளை பதிஞ்சிடும். மனுசிக்காரியின்ரை முறை வந்தவுடனை எல்லாரையும் வெளியிலை கலைச்சுப்போட்டுக் கதவைச் சாத்துவா. நாங்கள் யன்னலுக்குக் கீழை குந்தியிருந்து கேப்பம். சத்தம் குறைச்சு, இடைக்கிடை நிப்பாட்டி, மெல்லச் சிரிச்சு, மூக்கை உறிஞ்சி... வெக்கங்கெட்ட பிறவியள் நாங்கள், அதையும் விடாமல் கேட்டிருக்கிறம்.

இதை ஏன் முதலே சொல்லுறன் எண்டால், இது விளங்காட்டி எங்கடை அக்காவின்ரை கலியாணம் குழம்பின கதை விளங்காது. போன மாசம் என்ரை மகள் கைபேசியிலை ஒரு ஜப்பான் பாட்டுப் போட்டாள். எண்பதுகளிலை வந்ததாம், இப்ப உலகம் முழுக்கப் பெடியள் இதைத்தான் தேடிக் கேக்குதுகளாம். எனக்குச் சொல்லுறாள், கேளுங்கோவன்! அடுத்த அடி வாறதுக்கு முதல் நான் அந்த மெட்டை முணுமுணுத்திட்டன். "அம்மா, உங்களுக்கு என்னண்டு தெரியும்?" எண்டு வாயைப் பிளந்தாள். நான் எழும்பிக் குசினிக்குப் போயிட்டன். மகளிட்டைச் சொல்ல வெக்கமாய் இருந்தது. உங்களிட்டைச் சொல்லலாம்.

அப்ப நாங்கள் வல்வெட்டித்துறையிலை. எனக்குப் பத்து வயசிருக்கும். அத்தான் எண்டு நான் சொல்லுறது அப்பாவின்ரை தங்கச்சி, எங்கடை மாமியின்ரை மகனை. அக்கா பிறந்த அண்டைக்கே மாமி வந்து தூக்கிப் பாத்துப்போட்டு, "அண்ணை, இது எனக்கு" எண்டு சொல்லிட்டாவாம். அதுக்குப் பிறகு அந்தக் கதையை ஒருத்தரும் மாத்திக் கதைச்சதில்லை. அத்தான் வளர்ந்து கப்பலுக்குப் போனார். எஞ்சின் அறையிலை வேலை. ஜப்பான் துறைமுகங்களுக்கு ஓடுற கப்பல். எண்பத்தாறாம் ஆண்டு மட்டிலை ஊருக்கு வந்தார், கலியாணத்துக்கெண்டு.

அது என்ன நேரம் எண்டு உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போகத் தடை. ஆமிக் காம்பிலை இருந்து செல் வந்து விழும். பின்னேரம் பந்தடிச்சுக்கொண்டு நிண்ட பெடியன் விடியக் காணாமல் போயிருப்பான். எல்லாரும் வெளியிலை போக வழி பாத்துக்கொண்டிருக்க, ஒரு பெடியன் வெளியிலை இருந்து திரும்பி வந்திருக்கிறான் எண்டால் சும்மாவே? மாமியின்ரை படலை மூடினபாடில்லை. ஆவணியிலை நாள் வைக்கிறதெண்டு பேச்சு.

எனக்கு மணக்கிற அழிறப்பர் கொண்டந்தவர். அதைக் கடிச்சுத் திண்டு பாத்து வாய் கசந்தது வேறை கதை. எங்கடை வீட்டுக்கெண்டு இரண்டு ஸ்பீக்கர் வைச்ச கசற் செற் ஒண்டும், கொஞ்சக் கசற்றும். எல்லாம் ஒரே பாட்டுக்காரியின்ரை. மட்டையிலை அவவின்ரை படம் இருந்தது. கட்டையாய் வெட்டின தலைமயிர், பூச்சில்லாத முகம், ஆம்பிளையளின்ரை மாதிரி வெள்ளைச் சேட்டு. சினிமாக்காரியள் மாதிரி இல்லை, பக்கத்து வீட்டுப் பெட்டை ஒண்டு பள்ளிக்கூடத்தாலை வந்து நிக்கிறமாதிரி இருந்தா. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பியானோ வாசிச்சுப் பாடுறவவாம்.

"ஏன், அங்கை மற்ற ஆக்களுக்கு வேலை வெட்டி இல்லையே?" எண்டு அம்மா கேட்டா.

ஆனால் பாட்டெண்டால் பாட்டுத்தான். ஒண்டு, காத்து முதுகிலை தள்ளத் தள்ளப் பருத்தித்துறை றோட்டாலை சைக்கிளிலை போறமாதிரி இருக்கும். காலை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாது. இன்னொண்டு மெதுவாய்ப் போகும், அதைக் கேக்க அழுகை வரும், ஏனெண்டு தெரியாது. கறண்ட் இருந்தால் கறண்டிலை, இல்லாட்டிப் பற்றியிலை. பற்றி களைச்சுப் போனால் அந்தப் பிள்ளை ஆம்பிளைக் குரலிலை இழுத்து இழுத்துப் பாடும், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம். பிறகு பற்றியளைக் கழட்டி ஒடியல் காயவைக்கிறமாதிரி முத்தத்திலை வெயிலிலை அடுக்குவம். ஒழுங்கைப் பெட்டையள் எல்லாம் அர்த்தம் தெரியாமல் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் கெந்தித்தொட்டு விளையாடினது.

கலியாணம் பேசின பெட்டையும் பெடியனும் நேரை கதைக்கிறது அப்ப எங்கை? அத்தான் விறாந்தையிலை இருப்பார். அக்கா அறைக் கதவுக்குப் பின்னாலை நிப்பா. நடுவிலை நான். எனக்குச் சொல்லுறமாதிரி அவர் அக்காவுக்குச் சொல்லுவார்.

"மழை வந்திட்டுதாம். குடை கொண்டு வரேல்லையாம். பரவாயில்லை, நனைஞ்சுகொண்டு நடப்பம் எண்டு பாடுறா."

"அவ்வளவோ?" எண்டு நான் கேப்பன்.

"அவ்வளவுதான்."

"உதுக்கோ இவ்வளவு வாத்தியம்?"

கதவுக்குப் பின்னாலை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேக்கும். அத்தானுக்கு அது காணும். அவரின்ரை முகத்தைப் பாக்கோணும் அப்ப.

ஒரு நாள் மட்டையில்லாத கசற் ஒண்டை என்ரை கையிலை தந்தார். "இதைக் கொக்காட்டைக் குடு. இதுதான் எல்லாத்திலையும் எனக்குப் பிடிச்சது" எண்டார். கப்பல் பழுதுபாக்கத் துறைமுகத்திலை நிண்ட நாளையிலை, அங்கத்தை றேடியோவிலை அந்தப் பாட்டுக்காரி கிழமைக்கொருக்கால் வந்து தனிய இருந்து கதைச்சுப் பாடுவாவாம். அதை அவர் பதிஞ்சு வைச்சது. இதைச் சொல்லித்தான் தந்தார். நானும் அக்காவிட்டை அப்பிடியே சொல்லித்தான் குடுத்தன்.

அடுத்த நாள் பெரியம்மா வந்தா. அம்மாவின்ரை தமக்கை. கசற் விசயத்திலை ஒழுங்கைக்கே அவதான் பெரியாள், ஏனெண்டால் மருமகன் டோகாவிலை. அவரிட்டை இருந்து வாற கசற்றை மகள் கேக்கிறதுக்கு முதல் இவ கேட்டு முடிச்சிடுவா. அம்மாவும் அவவும் குசினி வாசலிலை இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்திச்சினம். அக்கா உள்ளுக்கை அந்தக் கசற்றைப் போட்டா.

பாட்டு வரேல்லை. ஒரு பொம்பிளை கதைச்சாள். மெதுவாய், பக்கத்திலை இருக்கிற ஆளுக்குக் கதைக்கிறமாதிரி. இடையிலை நிப்பாட்டினாள். கடதாசி சரசரத்தது. இருமினாள். தன்ரைபாட்டிலை சிரிச்சாள். பிறகு ஒற்றைப் பியானோவோடை ஒரு பாட்டு, தாலாட்டு மாதிரி. அது முடிய, மூச்சு விட்டுப்போட்டு, திரும்பவும் கதை.

பெரியம்மாவின்ரை கை முருங்கைக் கொப்பிலையே நிண்டிட்டுது.

"உது பாட்டுக் கசற் இல்லையடி" எண்டா. "உது கதைச்சு அனுப்பின கசற்."

"சும்மா இரக்கா. அவன் றேடியோ எண்டு சொன்னவனாம்."

"எனக்கோ சொல்லுறாய்? எத்தினை கசற் கேட்டனான் நான். உது புருசனுக்குக் கதைக்கிற கதையெல்லோ. கேள், கேள்... பார், பிள்ளையை நித்திரையாக்கிறாள்!"

அக்கா வெளியிலை வந்து, "பெரியம்மா, உது மற்றக் கசற்றிலை பாடுறவவின்ரை குரல்தானே" எண்டா. அதோடை முடிஞ்சிருக்கோணும். பெரியம்மா அந்த மற்றக் கசற்றின்ரை மட்டையை வாங்கிப் படத்தை உத்துப் பாத்தா. "அதுதானே பாத்தன், முகத்திலை ஒரு பவுடர் இல்லை, வீட்டிலை நிக்கிற சட்டையோடை நிக்கிறாள். பாட்டுக்காரியைத்தான் பிடிச்சு வைச்சிருக்கிறானாக்கும்" எண்டா. அட கோதாரி, அதுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை எண்டுறது சும்மாவே சொன்னது? பொழுது படுறதுக்கிடையிலை அத்தானுக்கு ஜப்பானிலை ஒரு மனுசி. மற்ற நாள் ஒரு பிள்ளை. அந்தக் கிழமைக்குள்ளை இரண்டாவது பிள்ளையும் பிறந்திட்டுது.

அப்பா முதல் சிரிச்சவர். அவருக்குச் சந்தியிலை புடைவைக்கடை, கோயில் சபையிலையும் இருந்தவர். கடைக்கு வாறவன் போறவனெல்லாம் "மெய்யே அண்ணை?" எண்டு கேக்கத் தொடங்கத்தான் முகம் கறுத்தது. அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தான் விட்ட பிழை, அவரும் சிரிச்சதுதான்.

"மாமா, உது றேடியோவிலை போனது. நான் பதிஞ்சு வைச்சனான்."

"றேடியோ எண்டால் நிலையத்தின்ரை பேர் சொல்லுவினம். செய்தி வரும். மரண அறிவித்தல் வரும். உது என்ன தம்பி, ஒருத்தி இருமிக்கொண்டிருக்கிறாள்?"

"அங்கத்தை றேடியோ அப்பிடித்தான் மாமா."

அப்பாவுக்கு அது விளங்கேல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டன். எங்கடை றேடியோவிலை கதைச்சவை ஆரும் தொண்டையைக்கூடச் செருமினதில்லை.

இதிலை ஆருக்கோ ஒரு புத்தி வந்தது. நெல்லியடிப் பக்கம் ஒரு பென்சன்காரர் இருக்கிறார், மலாயாவிலை றெயில்வேயிலை இருந்தவர், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சு வைச்சிருந்த காலம் முழுக்க அங்கை நிண்டவர், அவருக்கு ஜப்பான் பாசை தண்ணி பட்ட பாடு எண்டிச்சினம். அவரைக் கூப்பிட்டுக் கசற்றைப் போட்டுக் காட்டினால் பிரச்சினை முடிஞ்சுது. அத்தானுக்கும் அது சம்மதம். "நல்லதாய்ப் போச்சு, கூப்பிடுங்கோ" எண்டார். மாமி அண்டைக்குச் சன்னதிக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திப்போட்டு வந்தவ.

கார் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையிலை குடை. கைபிடி வைச்ச கதிரையிலை இருத்தினம். நல்ல கோப்பையிலை தேத்தண்ணி, தட்டைவடை. அப்பா, சபையிலை இருந்து இரண்டு பேர், பெரியம்மா, அம்மா, சுவரோரமாய் நிலத்திலை மாமி. அத்தான் வாசல் பக்கம் நிண்டார். அக்கா கதவுக்குப் பின்னாலை. பொத்தான் அமத்துறது என்ரை வேலை.

அமத்தினன். அந்தப் பிள்ளையின்ரை குரல் வந்தது.

பென்சன்காரர் முதல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு ஆட்டுறது நிண்டிட்டுது. கோப்பை ஒரு கையிலை. மற்றக் கையாலை தன்ரை கன்னத்தைத் தடவினார், ஒருக்கால் இல்லை, தடவிக்கொண்டே இருந்தார். அதிலை எத்தினை அறை வாங்கினாரோ எண்டு இப்ப நினைக்கிறன். அப்ப நான், மனுசனுக்குப் பல்லுக்கொதி எண்டு நினைச்சன். "நிப்பாட்டு பிள்ளை" எண்டார். நிப்பாட்டினன்.

"என்ன ஐயா சொல்லுறாள்?" எண்டு அப்பா கேட்டார்.

அவர் கோப்பைக்குள்ளை பாத்தார். "விவரமாய்ச் சொல்லத் தேவையில்லை" எண்டார். "குடும்பப் பொம்பிளை கதைக்கிற கதைதான். ஒரு ஆளுக்குத்தான் கதைக்கிறாள். மிச்சத்தை என்ரை வாயாலை சொல்லக்கூடாது."

மாமி "முருகா" எண்டு தலையிலை கையை வைச்சா. அத்தான் அந்த இடத்திலைதான் முதல்முதல் சிரிக்காமல் நிண்டார். இரண்டு அடி முன்னுக்கு வந்தார். இடுப்பை வளைச்சு, அங்கத்தை முறையிலை கும்பிடு போட்டு, பென்சன்காரரைப் பாத்து ஜப்பான் பாசையிலை ஏதோ சொன்னார். உரத்துச் சொல்லேல்லை. மரியாதையாய்த்தான் சொன்னார்.

என்ரை ஐயோ, நான் அதை எப்பிடிச் சொல்லுவன். அந்தக் கிழவர் கதிரையாலை துள்ளி எழும்பினார். கோப்பை விழுந்து உடைஞ்சு தேத்தண்ணி வேட்டியெல்லாம். கையிரண்டையும் துடையோடை ஒட்டிக்கொண்டு, தலை முழங்காலிலை முட்டுமாப்போலை குனிஞ்சார். குனிஞ்சவர் நிமிரேல்லை. அடிக்கப்போற ஆளுக்கு முன்னாலை நிக்கிறமாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, அப்பிடியே நிண்டார்.



அத்தான்தான் ஓடிப்போய்த் தோளைப் பிடிச்சு நிமித்தினார். "ஐயா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ எண்டுதான் நான் சொன்னனான். வேறை ஒண்டும் சொல்லேல்லை ஐயா."

அந்த மனுசனுக்கு ஜப்பான் பாசை தெரியாது. குனியத் தெரியும், அவ்வளவுதான். அதை விறாந்தையிலை இருந்த எல்லாரும் கண்ணாலை கண்டவை. சபைக்காரர் இரண்டு பேரும் ஆளையாள் பாத்துப்போட்டுக் கூரையைப் பாத்திச்சினம். பெரியம்மாகூடச் சேலைத் தலைப்பை வாயிலை வைச்சுக்கொண்டு குனிஞ்சிட்டா. அப்பாவின்ரை முகத்தை நான் நேரை பாத்தன். அவருக்கும் விளங்கியிட்டுது. பத்து வயசுப் பெட்டை எனக்கே விளங்கினது, அவருக்கு விளங்காதே?

ஆனால் வெள்ளை வேட்டியிலை தேத்தண்ணியோடை ஒரு பெரிய மனுசன் எங்கடை வீட்டிலை நிண்டு நடுங்குறார். கூப்பிட்டது அப்பா. "ஐயாவுக்குப் பாசை தெரியாது, மருமகன் சொன்னதுதான் சரி" எண்டு அந்த இடத்திலை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. சொன்னால் அவர் அப்பிடியே செத்துப் போயிடுவார் போலை இருந்தது. அதாலை அப்பா என்ன செய்தார் தெரியுமோ? அத்தானிலை பாய்ஞ்சார்.

"நான் கூப்பிட்டு இருத்தின மனுசனை என்ரை வீட்டிலை வைச்சு அவமானப்படுத்திறியோ? உனக்கு ஆர் உந்தத் துணிவு தந்தது?"

"மாமா, நான் அவமானப்படுத்தவோ..."

"கதையாதை!"

மாமி எழும்பினா. "அண்ணை, என்ரை பிள்ளை பொய் சொல்லாது. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை."

அப்பா திரும்பி அறைக் கதவைப் பாத்தார். பிறகு எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் செய்யாத வேலை ஒண்டு செய்தார். சபைக்கு முன்னாலை, குமர்ப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா கதவடிக்கு வந்தா.

"நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?" எண்டு கேட்டார்.

எல்லாரும் அக்காவைப் பாத்திச்சினம். அத்தானும் பாத்தார். வளர்ந்தாப்பிறகு அண்டைக்குத்தான் அவை இரண்டு பேரும் நேருக்கு நேர் பாத்ததெண்டு நினைக்கிறன். அக்காவின்ரை வாய் திறந்தது. உடைஞ்ச கோப்பையைப் பாத்தா, பென்சன்காரரைப் பாத்தா, அப்பாவைப் பாத்தா. பிறகு ஒண்டும் சொல்லாமல் உள்ளுக்குப் போயிட்டா.

அத்தான் கொஞ்ச நேரம் நிண்டார். அக்கா திரும்பி வருவா எண்டு பாத்தாரோ தெரியாது. பிறகு மாமியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார். மாமி எங்கடை வாசல் மிதிச்சது அதோடை சரி. அண்ணனும் தங்கச்சியும் சாகுமட்டும் கதைக்கேல்லை. செற்றையும் கசற்றுகளையும் அம்மா ஆள் விட்டுத் திருப்பி அனுப்பினா. நான் ஒருநாள் அந்தப் பாட்டை வாய்க்குள்ளை பாடிக்கொண்டு கிணத்தடிக்குப் போக, அகப்பைக் காம்பாலை காலிலை அடி விழுந்தது.

அத்தான் திரும்பக் கப்பலுக்குப் போயிட்டார். கன வருசத்துக்குப் பிறகு, மெய்யாகவே ஜப்பானிலை ஒருத்தியைக் கலியாணம் முடிச்சாராம். பெரியம்மாவைப் பிடிக்கேலாமல் போச்சுது. "பாத்தியளே, பாத்தியளே, நான் அண்டைக்கே சொன்னனான்" எண்டு ஊரெல்லாம் உலாத்தினா. எங்கடை வீட்டிலையும் தலையாட்டிக்கொண்டு கேட்டம். எல்லாம் தெரிஞ்ச சனம், அந்தப் பொய்யைப் பாய் மாதிரி விரிச்சு அதிலை நிம்மதியாய்ப் படுத்தம். இப்ப நினைக்க உடம்பு கூசுது எனக்கு.

அக்காவுக்குக் கொழும்பிலை ஒரு எழுதுவினைஞரைப் பேசிக் கட்டிவைச்சினம். குறை சொல்லேலாத மனுசன், குரல் உயர்த்திக் கதைச்சதைக் கேட்டதில்லை. பிறகு கனடா. இரண்டு பிள்ளையள். அத்தானைப் பற்றி அக்கா வாயே திறந்ததில்லை. அக்காவின்ரை மனுசன் செத்துக் கன காலத்துக்குப் பிறகு, நான் அங்கை போய் நிண்டபோதுதான் ஒருநாள் துணிஞ்சு கேட்டன்.

"அக்கா, அந்தக் கசற் கதையை நீ நம்பினனியோ?"

அரிசி களைஞ்சுகொண்டு நிண்டவ, கையை எடுக்காமலே சொன்னா. "எனக்கென்ன விசரே? அது றேடியோ எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"பிறகேன் பேசாமல் போனனீ? அப்பா கேட்டவரெல்லோ!"

"நான் அத்தான் சொல்லுறது சரியெண்டு சொல்லியிருந்தால் அப்பாவின்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? ஊரையே கூட்டி வைச்சுக்கொண்டு நிண்டவர். என்ரை வாயாலை அவரைத் தலைகுனிய வைக்கவோ?"

அக்கா தண்ணியை ஊத்திப்போட்டு அடுப்பை மூட்டினா.

அப்பா போனது அதுக்கும் பிறகு, யாழ்ப்பாணத்திலை, ஆஸ்பத்திரியிலை. அம்மா முதலே போயிட்டா. அக்காவாலை வரமுடியேல்லை. நான்தான் பக்கத்திலை. ரெண்டு நாளாய்க் கதைக்காமல் கிடந்தவர், ஒரு பின்னேரம் கண்ணை முழிச்சு என்னைக் கிட்ட வரச் சொன்னார். தண்ணி கேக்கிறார் எண்டு நினைச்சன்.

"அண்டைக்கு நான் அவளைக் கேட்டனான்" எண்டார்.

ஆரை, எண்டைக்கு எண்டு நான் கேக்கேல்லை.

"எல்லாருக்கும் முன்னாலை கேட்டனான் பிள்ளை. எனக்கு வேறை வழி தெரியேல்லை. அவள் ஓமெண்டு ஒரு சொல் சொல்லுவாள், அதைப் பிடிச்சுக்கொண்டு நான் இறங்கலாம் எண்டு பாத்தன். அவள் சொல்லேல்லை. அவளுக்கு அவனிலை விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

அடுத்த நாள் விடியக் காலத்தாலை போயிட்டார். செத்தவீட்டுச் சனத்துக்கு நடுவிலை அக்கா கனடாவிலை இருந்து போன் எடுத்தா. அழுது களைச்சாப்பிறகு கேட்டா, "அப்பா கடைசியிலை ஏதும் சொன்னவரோடி?"

"இல்லையக்கா" எண்டன். "ஒண்டும் சொல்லேல்லை. நித்திரையிலைதான் போனவர்."

"அது போதும்" எண்டா அக்கா. "நிம்மதியாய்ப் போயிருக்கிறார். நான் எண்டாலும் அவரை ஒருநாளும் தலைகுனிய விடேல்லை."